இவருடைய துவக்கும் என் அடுப்பும்

போன ஞாயிற்றுக்கிழமை துவக்குச் சுடுகிற கிளப்புக்குப் போய்வந்தேன். பயப்படாதீர்கள், நான் சுடப் போகவில்லை. இவர் தோற்பதைக் கண்ணாரப் பார்க்கப் போனேன்.

சொந்தப் புருசன் தோற்க வேண்டும் என்று நினைக்கிறவள் என்ன மனுசி என்று கேட்பீர்கள். கதையைக் கேளுங்கள். பிறகு ஆறுதலாகத் திட்டலாம்.

நாங்கள் இருப்பது சிட்னியில், மெரிலேண்ட்ஸ் பக்கம். பக்கத்து வீட்டுக் கொலினுக்குத் தோள்மூட்டு போய்விட்டது. அவர் தன்னுடைய பழைய துவக்கை இவருக்கு விற்றார். லைசென்ஸ், பூட்டுப் பெட்டி எல்லாம் ஒழுங்காக எடுத்துத்தான் வாங்கினார். சாதாரணத் துவக்கு இல்லை அது. அதன் வாய்க்குள் என் சுண்டுவிரல் போகும். வெடித்தால் நெஞ்சுக்குள் கேட்கும்.

ஊரில் சண்டையின் வெடிச்சத்தம் கேட்டு ஓடிவந்த சனம் நாங்கள். ஓடிவந்த இடத்தில் இந்த மனுசன் காசு கொடுத்துச் சத்தம் வாங்குகிறார்...

அந்தத் துவக்குக்குக் கடையில் விற்கிற குண்டு சரிவராதாம். ஈயத்தை உருக்கி, அச்சில் ஊற்றி, வீட்டில் வார்க்க வேண்டுமாம். வார்த்தால் மட்டும் போதுமா? வெடிமருந்து எவ்வளவு, ஈயம் மெதுவா கடினமா, மேலே பூசுகிற மெழுகு எது — எல்லாம் ஒத்துவந்தால்தான் குண்டுகள் ஒரே இடத்தில் போய் விழுமாம். அந்தச் சேர்மானத்துக்குப் பெயர் ‘லோட்’. ஐந்தாம் வகுப்போடு நின்ற எனக்கே இதெல்லாம் மனப்பாடம். அவ்வளவு பிரசங்கம் கேட்டிருக்கிறேன்.

இரண்டு வருடமாக அந்த லோட்டைத் தேடுகிறார். மருந்தைக் கூட்டினார், குறைத்தார். ஈயத்தில் வெள்ளீயம் கலந்தார். தேன்மெழுகு வாங்கி உருக்கினார். பெண் பார்க்க வருகிறவர்கள்கூட இவ்வளவு பொருத்தம் பார்க்க மாட்டார்கள்!

குண்டுகளோ — ஒன்று கிழக்கே, ஒன்று மேற்கே.

இவ்வளவும் நடப்பது என் கராஜில். ‘என்’ என்று அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. வீட்டுக்குள் மீன் பொரித்தால் மணம் திரைச்சீலையில் குடியிருந்துவிடும். கராஜில் ஒரு பின் குசினி போட வேண்டும் என்பது என் நீண்ட நாள் ஆசை. இரட்டை காஸ் அடுப்பு வாங்கியும்விட்டேன். பெட்டி பிரிக்காமல் கட்டிலுக்குக் கீழே கிடக்கிறது. ஈயம் உருக்குகிற இடத்தில் சாப்பாட்டுச் சாமான் வரக் கூடாது, நஞ்சு என்று இவரே சட்டம் போட்டிருக்கிறார். ஆக, துவக்கு அல்லது அடுப்பு. இரண்டில் ஒன்று.

ஒருநாள் நன்றாகச் சண்டை பிடித்தேன்.

“கிளப்பில பழைய துவக்குப் போட்டி வருது. அதுக்குள்ள லோட் சரிவராட்டி வித்துப்போடுறன். கராஜ் உமக்கு,” என்றார்.

“சத்தியமா?”

“சத்தியமா.”

இப்போது விளங்குகிறதா, நான் ஏன் போனேன் என்று?

குவேக்கர்ஸ் ஹில்லில் இருந்து இவருடைய சிநேகிதர் மகாலிங்கமும் வேடிக்கை பார்க்க வந்திருந்தார். மகாலிங்கம் இருந்தால் கோயிலுக்கு மைக் தேவையில்லை. ஒரு செய்தியை அவர் காதில் போட்டால் போதும், சிட்னி முழுக்கக் கேட்கும்.

காதை மூடிக்கொண்டு பின்னால், இவருடைய முகம் பக்கவாட்டில் தெரிகிற மூலையில், கதிரைகளில் இருந்தோம். முதலில் பழகுவதற்கான சுற்று. டமார்! இவர் தொலைநோக்கியில் குறிப்பலகையைப் பார்த்தார். முகம் சுருங்கியது. மறுபடியும் டமார். இன்னும் சுருங்கியது. நான் மனதுக்குள் அடுப்பை எந்த மூலையில் வைக்கலாம் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

வேறு வேலை இல்லாததால் இவருடைய முகத்தைக் கவனித்தேன். துவக்கில் கன்னத்தை வைக்கிறார். விரல் விசைக்குப் போகிறது. உடனே புளி கடித்த மாதிரி முகம் கோணுகிறது. இரண்டு கண்ணும் இறுக்க மூடுகிறது. அதற்குப் பிறகுதான் டமார்!

அடடா... இந்த முகம் எனக்குத் தெரிந்த முகமாயிற்றே!

எங்கள் கலியாணப் படத்தில் தாலி கட்டுகிறபோது இவருக்குக் கண் மூடியிருக்கிறது. பக்தி என்று அம்மா சொன்னார். பாஸ்போர்ட் படத்தை அலுவலகத்தில் திருப்பித் தந்தார்கள். அதிலும் பக்தி. பளிச்சென்று வெளிச்சம் அடிக்கப் போகிறது, டமாரென்று சத்தம் வரப் போகிறது என்றால் முந்திக்கொண்டு கண்ணை மூடுகிற பிறவி இவர்.

லோட்டில் ஒரு பிழையும் இல்லை. ஆள்தான் பிழை!

சொன்னேனா? நான் ஏன் சொல்கிறேன்? கட்டிலுக்குக் கீழே அடுப்பு காத்திருக்கிறது.

சுடுவதை நிறுத்திப் பலகைகளை மாற்றுகிற இடைவேளை வந்தது. காது மூடிகளைக் கழற்றினோம். மகாலிங்கம் தொடங்கினார்.

“அக்கா, அண்ணை சுடேக்க அந்தப் பலகைக்கு முன்னால நிக்கிறதுதான் பாதுகாப்பு. அங்க மட்டும் குண்டு வராது! வெள்ளிக்கிழமை கோயில்ல சொல்லிச் சிரிக்க எனக்கொரு கதை கிடைச்சிட்டுது.”

இவர் விரலில் ஒட்டிய மெழுகைக் காற்சட்டையில் துடைத்துக்கொண்டு நின்றார்.

எனக்கு ஏறியது பாருங்கள்! என் புருசனைப் பார்த்துச் சிரிக்க எனக்கு உரிமை இருக்கிறது. கலியாணம் கட்டிய நாளில் இருந்து சிரிக்கிறேன். மகாலிங்கத்துக்கு அந்த உரிமையை யார் கொடுத்தது?

இவரை ஒரு பக்கமாக இழுத்தேன்.

“இஞ்சாருங்கோ, நீங்கள் கண்ணை மூடிப்போட்டுச் சுடுறியள்.”

“ஆர், நானோ? நீர் சும்மா இரும். உமக்கு லோட்டைப் பற்றி என்ன தெரியும்?”

“லோட்டைப் பற்றித் தெரியாது. உங்கட மூஞ்சையைப் பற்றித் தெரியும். தாலி கட்டேக்கையும் இதே மூஞ்சைதான்.”

“விசர்க்கதை கதையாதையும்!”

“அப்ப ஒண்டு செய்யுங்கோ. துவக்கு வாயால நெருப்பு வருமே, அது என்ன நிறமெண்டு கண்டிட்டு வந்து சொல்லுங்கோ பாப்பம்.”

போட்டிச் சுற்றுக்குக் கோபத்தோடு போனார். வெல்வதற்காக இல்லை, நான் சொன்னது பொய் என்று காட்டுவதற்காக ஆந்தை மாதிரிக் கண்ணை விரித்துக்கொண்டு சுட்டார். டமார்!

மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார். வாய் அசைந்தது. காதை மூடியிருந்தாலும் எனக்கு விளங்கியது.

“செம்மஞ்சள்.”

இரண்டு வருடமாகச் சுடுகிறவர், சொந்தத் துவக்கின் நெருப்பை அன்றைக்குத்தான் கண்டிருக்கிறார்!

பிறகு சுட்ட குண்டுகளின் ஓட்டைகளை ஒரு தேநீர்க் கோப்பைத் தட்டால் மூடிவிடலாம். பரிசு வேறு யாருக்கோ போனது. அதை யார் பார்த்தார்கள்?

“அண்ணை, லோட் சரிவந்திட்டுதுபோல!” என்றார் மகாலிங்கம், வாயைப் பிளந்துகொண்டு.

“ஓம். தேன்மெழுகைக் கொஞ்சம் கூட்டினனான்,” என்றார் இவர், என்னைப் பாராமல்.

ஆம்பிளைகள் இப்படித்தான். பிழை எங்கே என்று மருந்தில் தேடுவார்கள், மெழுகில் தேடுவார்கள், காற்றில்கூடத் தேடுவார்கள். துவக்குக்குப் பின்னால் நிற்கிற ஆளை மட்டும் பார்க்க மாட்டார்கள். நாங்கள் மட்டும் திறமா? கறி ருசிக்காவிட்டால் கடைக்காரனின் தூளைத்தானே திட்டுகிறோம்?

கராஜ் போய்விட்டது. அடுப்பு இன்னும் கட்டிலுக்குக் கீழேதான். நேற்றும் வீட்டுக்குள்தான் மீன் பொரித்தேன். வேண்டுமென்றே கதவைத் திறந்து வைத்து, இவருடைய கோட் தொங்குகிற பக்கமாக.

குறிப்பலகையை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு இவர் நிற்கிற படம் இப்போது எங்கள் ஃபிரிட்ஜில் ஒட்டியிருக்கிறது. மகாலிங்கம் எடுத்தது. பலகை தெளிவு, ஓட்டைகள் தெளிவு, பல்லெல்லாம் தெரிகிற சிரிப்பும் தெளிவு...

கண் மட்டும் மூடியிருக்கிறது.