ஒன்றரை இறாத்தல் கூடிய செவ்வாய்க்கிழமை

என்னோடு சேர்ந்து செபமாலை சொல்லும் சகோதரங்களே, நான் என் கோபத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். மாதா என் செபத்தைக் கேட்டார் என்று சொல்ல வந்திருக்கிறேன். ஆனால் கேட்கவில்லை என்று எத்தனை வருடம் அவரோடு சண்டை பிடித்தேன் என்பதையும் சொல்லத்தானே வேண்டும்? பாதிச் சோற்றைப் போட்டுவிட்டு விருந்து என்று சொல்லக் கூடாது.

என் கணவர் கெவின் லண்டனில் பிறந்த ஆங்கிலேயர். தொழில் குத்துச்சண்டை. எண்பத்து மூன்று கலவரத்துக்குப் பிறகு மன்னாரிலிருந்து வந்த நான், தெற்கு லண்டனின் கோலியர்ஸ் வுட்டில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்தேன். அங்கே தன் தகப்பனைப் பார்க்க அவர் வருவார். மூக்கு ஒரு பக்கம், சிரிப்பு ஒரு பக்கம். ஆள் மலை, குரல் பஞ்சு. கோவிலில் வைத்துத்தான் கலியாணம் கட்டினோம். கிட்டவே தோர்ண்டன் ஹீத்தில் இருந்த என் சூசை அண்ணை மட்டும் வரவில்லை. “வெள்ளைக்காரனெண்டாலும் பரவாயில்லை, அடிபட்டுச் சீவிக்கிறவனோ உனக்குக் கிடைச்சான்?” என்று கேட்டுத் தொலைபேசியை வைத்தவர், ஆறு வருடம் எங்கள் வாசலை மிதிக்கவில்லை.

கெவின் சண்டை பிடித்தது குரூசர்வெயிட் என்ற எடைப் பிரிவில். அப்போதுதான் புதிதாக வந்த பிரிவு. நூற்றுத் தொண்ணூறு இறாத்தல், அதாவது எண்பத்தாறு கிலோ; அதற்கு மேல் ஒரு அவுன்சும் நிற்கக் கூடாது. அதற்கு மேலே உள்ள பெரிய பாரக்காரர்களைப் பார்க்க உலகமே வரும். கீழே உள்ளவர்களின் வேகத்தைப் பார்க்கவும் ஆட்கள் வருவார்கள். நடுவில் நின்ற என் மனுசனை ஒருவரும் தேடவில்லை. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்களே, அதுதான் அவர் தொழில்.

ஒருமுறை எதிராளி கை முறிந்து விலகினான். ஒருமுறை டிக்கெட் விற்காமல் நிகழ்ச்சியே நின்றது. கிழக்கு லண்டனில் பார்க்கிங் என்ற ஊரில் நடந்த ஒரு சண்டையில் முழு நேரமும் கெவின்தான் அடித்தார். முடிவில் அரைப் புள்ளி கூட என்று சொல்லி நடுவர் மற்றவனின் கையைத் தூக்கினார். அந்தச் சண்டைகளில் நடுவர் ஒருவர்தான் நீதிபதியும். சாமி வரம் தந்தாலும் பூசாரி விடான் என்பார்கள். எங்கள் பூசாரி வெள்ளைச் சட்டையும் கறுப்பு வில் டையும் கட்டியிருந்தார்.

நானோ செவ்வாய்க்கிழமைகளில் அந்தோனியாரிடமும் புதன்கிழமை நவநாளில் மாதாவிடமும் ஒன்றையே கேட்டேன். “இவருக்கு ஒரேயொரு பட்டச் சண்டை தாரும்.” செபக்கூட்டத்தில் ரீத்தம்மா அக்கா சிரித்தார்.

“ஏன் மெற்றில்டா, மற்றவன்ர மனுசியும் மாதாவிட்டத்தானே கேப்பாள்? பாவம் மாதா, ஆருக்கெண்டு குடுக்கிறது?”

“நான் முதல் கேட்டனான் அக்கா,” என்றேன். சிரிக்கவில்லை. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

தொண்ணூற்றொன்றில் அந்தச் சண்டை வந்தது. லண்டனும் தென்பகுதியும் சேர்ந்த வட்டாரப் பட்டம். கெவினுக்கு அப்போது முப்பத்து நான்கு வயது. இதற்குப் பிறகு யாரும் கூப்பிடப் போவதில்லை என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நாள் செவ்வாய்க்கிழமை. அந்தோனியாரின் நாள்! நான் மெழுகுதிரி வாங்கி வைத்துவிட்டேன்.

அந்த வாரம்தான் சூசை அண்ணை தொலைபேசி எடுத்தார். “ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வாங்கோ. அவரையும் கூட்டிக்கொண்டு வா.” ஆறு வருடத்துக்குப் பிறகு! நான் அழுதேன். அழுதபடியே, “அண்ணை, அவர் நிறை குறைக்கிறார். கொஞ்சம் மரக்கறி மட்டும் போதும்,” என்றேன். “ஓம், ஓம்,” என்றார்.

போனால் மேசையில் ஆட்டிறைச்சி, இறால், புட்டு, சொதி. மச்சாள் விடிய எழும்பிச் சமைத்திருக்கிறார். அண்ணை அகப்பையைத் தன் கையில் எடுத்துக்கொண்டார்.

“செவ்வாய்க்கிழமை அடிபடப் போற மனுசன். வெறுவயித்தோட அனுப்புறதோ?”

“அண்ணை, நிறை கூடினால் சண்டையே இல்லை.”

“நிறை கூடினால் அடியும் பாரமாய் விழும். நீ பேசாமல் இரு.”

கெவின் தட்டைக் கையால் மறைத்து, நான் சொல்லிக் கொடுத்த தமிழில், “போதும் அண்ணை,” என்றார். அண்ணைக்கு ஒரே சந்தோசம். “முதல் போதும் மரியாதைக்கு, ரெண்டாம் போதும் வெக்கத்துக்கு. மூண்டாவதுதான் வயித்துக்கு!” என்று இன்னும் இரண்டு அகப்பை வைத்தார்.

நான் மேசைக்குக் கீழே கெவினின் காலைத் தட்டினேன். அவர் ஆங்கிலத்தில் மெதுவாகச் சொன்னார்: “மெற்றி, இந்த மனுசர் என் முகத்தையே பார்க்காதவர். இன்று தன் கையால் பரிமாறுகிறார். இதை நான் எப்படித் தள்ளுவது?”

செவ்வாய் மதியம் நிறுவை. மருத்துவர் முதலில் நெஞ்சையும் கையையும் கண்ணையும் பார்த்துச் சரியென்றார். பிறகு தராசு. ஒன்றரை இறாத்தல் கூட.

குறைத்துக்கொண்டு வர ஒரு மணி நேரம் கொடுத்தார்கள். பயிற்சியாளர் கிழவர் பிரெட் என்னிடம் கத்தினார்: “உன் அண்ணன் மற்றவனிடம் சம்பளம் வாங்குகிறாரா?” வியர்வையில் நிறை இறங்கட்டும் என்று கெவின் பிளாஸ்டிக் உடுப்பைப் போட்டுக்கொண்டு, கொதிகலன் அறையில் கயிறு அடிக்கப் போனார். நிறுவை முடிந்ததும் அவருக்குக் கொடுக்கக் கொண்டுவந்த சூப் குடுவையோடு நடைபாதையில் நின்ற என் வாயில் செபம் வரவில்லை. “மாதாவே, இத்தனை வருடம் மரம் வளர்த்தீர். காய் பழுக்கிற நேரத்தில் என் சொந்த அண்ணனைக் கொண்டே வெட்டினீரே. இனி உம்மிடம் ஒன்றும் கேட்கமாட்டேன்,” என்றேன். சத்தமாகவே சொன்னேன்.

கெவின் திரும்பி வந்தார். முகம் வெளிறியிருந்தது. கதவு திறந்து கிடந்ததால் எனக்கும் தெரிந்தது. தராசில் ஏறப் போனவரின் இடது கால் படியில் இடறியது. இரண்டாம் தரமும் இடறியது. முதல் நிறுவையே சரியாக இருந்திருந்தால் மருத்துவர் அப்போதே போயிருப்பார். இந்த இரண்டாவது நிறுவைக்காகத்தான் கோட்டைக் கையில் போட்டபடி காத்திருந்தவர், கெவின் இடறியதைக் கண்டு கிட்ட வந்தார்.

“கெவின், என் மூக்கைப் பார். இடது பக்கம் எத்தனை விரல்?”

“இரண்டு.”

“நான் இன்னும் கையே தூக்கவில்லை, மகனே.”

அதோடு சண்டை முடிந்தது.

அந்த ஒரு மணி நேரத்துக்குள் இடது கண்ணில் கறுப்புத் திரை போல ஒன்று இறங்கியிருந்தது. சில வாரங்களாகவே அதில் மின்னல் மின்னியதை அவர் யாரிடமும் சொல்லவில்லை, எனக்கும் சொல்லவில்லை. அன்றைக்கே கண் ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோனோம். விழித்திரை கிழிந்து கழன்றுகொண்டிருந்தது. அறுவை செய்த மருத்துவர் சொன்னார்: “கிழிசல் ஏற்கனவே இருந்திருக்கிறது. இதோடு ஒரு நல்ல குத்து வாங்கியிருந்தால் இந்தக் கண் மிஞ்சியிராது.”

அண்ணை ஓடி வந்தார். கட்டில் கால்மாட்டில் நின்று, “என்ர சோறுதான் உன்னைக் கெடுத்தது, தம்பி,” என்று அழுதார். நான் மருத்துவர் சொன்னதைத் தமிழில் சொன்னேன். சொல்லிக்கொண்டு வரும்போதுதான் எனக்கே உறைத்தது. ஆறு வருடமாகத் திறக்காத ஒரு வாசல் திறந்தது. அதிலிருந்து ஒன்றரை இறாத்தல் வந்தது. அதனால் ஒரு மணி நேரம் தாமதம். அந்தத் தாமதத்தில் ஒரு கண் தப்பியது. இதை யார் கோர்த்தது?

உடனே நன்றி சொன்னேன் என்று நினைக்காதீர்கள். கெவினின் குத்துச்சண்டை உரிமம் போனது. அந்தப் பட்டத்தை வேறொருவன் எடுத்தான். மாதக்கணக்காகக் கெவின் சுவரைப் பார்த்தபடி இருந்தார். நானும் நவநாளுக்குப் போகவில்லை. இன்றைக்கும் யாராவது பட்டக் கச்சையோடு நிற்கும் படத்தைக் கண்டால் என் வயிறு எரியும். அதை ஒளிக்க மாட்டேன்.

ஆனால் ஒரு புதன்கிழமை கெவினே என்னைக் கோவிலுக்குக் கூட்டிக்கொண்டு போனார். மாதாவின் முன் முழங்காலில் நின்று, “கேட்டதைத் தரவில்லை. கேட்கத் தெரியாததைத் தந்தீர்,” என்றேன். இப்போது அவர் பேருந்து ஓட்டுகிறார். அண்ணை அவரைத் தம்பி என்றுதான் கூப்பிடுகிறார். கண் மருத்துவர் சொன்னபடி ஒவ்வொரு காலையும் கெவின் வலது கண்ணைக் கையால் மூடி, இடது கண்ணால் என்னைப் பார்த்துச் சோதிப்பார். “இருக்கிறாய்,” என்பார். அதுதான் எங்கள் வீட்டுக் காலைச் செபம்.

சகோதரங்களே, விசாவுக்கும் பிள்ளைக்கும் காணாமல் போனவர்களுக்குமாகக் கேட்டுக் கேட்டு வாய் உலர்ந்தவர்கள் உங்களில் இருக்கிறீர்கள். பொறுமையாக இருங்கள் என்று நான் சொல்லமாட்டேன்; எனக்கே பொறுமை இருக்கவில்லை. கோபம் இருந்தால் கோபத்தோடேயே வந்து முழங்காலிடுங்கள். இனி உம்மிடம் கேட்கமாட்டேன் என்று நான் மாதாவிடம் கத்திக்கொண்டு நின்ற அந்த மணி நேரத்தில்தான், அவர் என் மனுசனின் கண்ணைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார்.