பால்கார வேலாயுதத்தின் தீர்ப்புகள்

காலை ஏழு மணிக்குள் நான்கு பேரையாவது தூக்கில் போட்டுவிட்டுத்தான் வேலாயுதம் எங்கள் வீட்டு வாசலில் பால் செம்பை இறக்குவார். முதல் ஆள், புண்ணாக்கில் மணல் கலந்த கடைக்காரன். அடுத்தது, பாலைச் சோதிக்க வரும் இன்ஸ்பெக்டர். மூன்றாவது, மாட்டைப் பார்த்து ஹாரன் அடித்த மோட்டார் டிரைவர். நான்காவது எங்கள் தெரு நாய். "இதுகளையெல்லாம் நிக்க வச்சுத் தூக்குல போடணுங்க, கிராணி ஐயா! வெள்ளைக்காரன் எடம் குடுத்துக் கெடுத்துட்டான்" என்பார். சொல்லிக்கொண்டே, அளந்த பாலுக்கு மேல் கொஞ்சம் கொசுறு ஊற்றுவார். நாய்க்கும் ஒரு சிரட்டையில் ஊற்றுவார்.

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே வீடுகளுக்குப் பின்னால், ஆற்றோரமாக அவருடைய கொட்டகை. ஐந்து மாடுகள், ஒரு கன்று. எதற்கும் பெயர் கிடையாது. "பேரு வச்சா விக்க மனசு வராதுங்க." வயது ஐம்பதைத் தொட்டிருக்கும். எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை தோறும் வாசகசாலைக்கு வந்து, யாரையாவது பிடித்துக் கோர்ட்டுச் செய்திகளைப் படிக்கச் சொல்லுவார். படிக்கிறவர் தீர்ப்புக்கு வருமுன்னே இவர் தீர்ப்புச் சொல்லி முடித்திருப்பார். இவருடைய கோர்ட்டில் விடுதலையானவர் ஒருவரும் இல்லை.

நான் எதிர்க்கட்சி. பகலில் ரயில்வே ஆபீசில் இரண்டாம் தரக் கிராணி, அதாவது குமாஸ்தா. மாலையில் மனித குலத்தைச் சீர்திருத்துகிறவன். தூக்குத் தண்டனையை ஐந்து வருஷம் நிறுத்திப் பார்க்கலாம் என்று சீமைப் பார்லிமெண்டில் ஒரு கமிட்டி சொன்னதாகப் பத்திரிகையில் வந்ததும், வாசகசாலையில் விவாதம் வைத்தோம். ஒழித்தே தீர வேண்டும் என்று முக்கால் மணி நேரம் பேசினேன். "தவறாகத் தூக்கிலிடப்பட்டவனைக் கீழே இறக்கி மன்னிப்புக் கேட்க முடியுமா?" என்று மேஜையைக் குத்தினேன். சோடா பாட்டில் உருண்டு தலைவர் மடியில் விழுந்தது. பின் வரிசையிலிருந்து வேலாயுதம் எழுந்தார். "ஐயா பேச்சு நல்லாத்தான் இருக்கு. ஆனா வெட்டுப்பட்டுச் செத்தவன் எந்திரிச்சு வந்து பேச இங்க எடம் இருக்குங்களா?" சபை கைதட்டியது. நான் தண்ணீர் குடித்தேன். ஓட்டெடுப்பில் பதினொன்றுக்கு ஒன்பது என்று நான்தான் ஜெயித்தேன். என் மைத்துனர்கள் மூன்று பேர் வந்திருந்தார்கள் என்பதையும் சொல்லிவிடுவது யோக்கியம்.

இரண்டு மாதம் கழித்து நல்லம்மாள் வந்தாள். கிள்ளான் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் ரப்பர் மரம் சீவிய இராமலிங்கத்தின் மனைவி. இவளைக் கைநீட்டி அடித்த, கூலிகளை வேலை வாங்கும் மண்டோரை இராமலிங்கம் கத்தியால் வெட்டிவிட்டான். மண்டோர் செத்துப்போனார். இராமலிங்கத்துக்குத் தூக்கு, அப்பீலும் தள்ளுபடி. புருஷன் இருக்கும் ஜெயிலுக்குப் பக்கத்திலாவது இருக்கலாமென்று கைக்குழந்தையோடு கோலாலம்பூர் வந்தவள், குழந்தைக்குப் பால் கேட்டுக் கொட்டகையில் வந்து நின்றிருக்கிறாள். யார், எவர் என்று கேட்காமலே வேலாயுதம் பாலும் கொடுத்து, சாணி அள்ளும் வேலையும் கொடுத்து, படுக்க ஓர் ஓரமும் ஒதுக்கிக் கொடுத்தார். நாலாம் நாள் மாட்டுக் கயிற்றைத் திருடிய எவனையோ அவள் காதுபட அவர் வழக்கம்போலத் தூக்கில் போட்டிருக்கிறார்.

"அந்தப் புள்ள சாணிக் கூடைய அப்படியே வச்சுட்டு உக்காந்துருச்சு. அப்புறந்தான் கேட்டேன், ஒன் புருசன் எங்கம்மான்னு" என்று பிற்பாடு என்னிடம் சொன்னார்.

மறுநாள் காலை எங்கள் வாசலில் பால் அளந்தார். ஒருவரையும் தூக்கில் போடவில்லை. அவருக்கு உடம்பு சரியில்லையோ என்று என் மனைவி கவலைப்பட்டாள்.

"ராசாவுக்கு ஒரு காகிதம் எழுதணுங்க, ஐயா. அவரு நெனச்சா உசுரக் குடுக்கலாமாமே" என்றார். ஆனந்தமாக எழுதினேன். சுல்தானுக்குக் கருணை மனு, ஆங்கிலத்தில் நான்கு பக்கம், டைப்பில். விவாதத்தில் பேசி மிஞ்சிய மேற்கோள்களையெல்லாம் அதில் இறக்கினேன். வேலாயுதத்துக்குத் தமிழில் சொல்லிக் காட்டியபோது என் குரல் எனக்கே தழுதழுத்தது. "அவன் பொண்டாட்டிய மண்டோர் அடிச்சது இதுல எங்க வருதுங்க?" என்று கேட்டார். எங்கும் வரவில்லை. அதை எழுத மறந்துபோயிருந்தேன்.

திருத்தி எழுதிய மனுவை எடுத்துக்கொண்டு, பால் ஊற்றி முடித்த கையோடு, கையெழுத்துச் சேர்க்க இரண்டு வாரம் அலைந்தார். ரயில்வே கூலிகள் குடியிருக்கும் லயங்கள், செந்தூல் ரயில் பட்டறை, பாசார் கடைகள். ரயிலேறிக் கிள்ளான் வரைக்கும் போனார். செத்துப்போன மண்டோரின் மனைவி வீட்டுக்கும் போயிருக்கிறார்.

"அங்கே ஏன் போனீங்க?" என்றேன்.

"அதக் கேக்காம எப்படிங்க? கதவச் சாத்திருச்சு. அது பக்கமும் நியாயந்தான். வெளிய நின்னு கும்பிட்டுட்டு வந்துட்டேன்."

"அப்போ எங்க கட்சிக்கு வந்தாச்சு" என்று நெஞ்சை நிமிர்த்தினேன்.

"அதெல்லாம் இல்லைங்க. கொன்னவனத் தூக்குல போடத்தான் வேணும். இவன வேணாம். அவ்வளவுதான்."

இந்த வாதத்தில் உள்ள ஓட்டைகள் மூன்றை அவருக்கு எடுத்துக் காட்டினேன். காட்டிக்கொண்டிருக்கும்போதே அவர் செந்தூலுக்குப் புறப்பட்டுப் போய்விட்டார்.

மனு போய் மூன்று வாரமாகிறது. இதை எழுதும் வரையில் பதில் இல்லை. நல்லம்மாள் இன்னும் கொட்டகையில்தான் இருக்கிறாள். தெருவில் சைக்கிள் மணி கேட்டால் தபால்காரனோ என்று எழுந்து நிற்கிறாள். மனுவை அனுப்பிய அன்று காலையில் நடந்ததையும் எழுதிவிடுகிறேன். எழுதாவிட்டால் நான் நல்லவனாகத் தெரிந்துவிடுவேன்.

அன்று வேலாயுதம் காகிதக் கட்டை என் முன்னால் விரித்தார். நூற்றுப் பதினாறு பெருவிரல்கள். "எல்லாம் கைநாட்டாப் போச்சுங்க. கூலிக்காரப் பயலுக காகிதம்னு ஓரமாத் தள்ளிருவாக. ஒங்க இங்கிலீசுக் கையெழுத்து ஒண்ணு இருந்தா நின்னு படிப்பாக" என்றார்.

என் கையெழுத்து அழகானது. ஆபீசில் அதைப் பார்த்துப் பொறாமைப்படுகிறவர்கள் உண்டு. ஆனால் அன்று பேனா மூடியைத் திறக்கவே கை வரவில்லை. சர்க்கார் உத்தியோகம், விதிகள், தலைமைக் கிராணியின் கண், பென்ஷன் என்று கால் மணி நேரம் விளக்கினேன். வாசகசாலையில் பேசியதைவிட அதில் உருக்கம் அதிகம். அவர் "ஆமாங்க, ஆமாங்க" என்று கேட்டுக்கொண்டார். இரண்டு திட்டுத் திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது.

கடைசியில் எனக்கு ஒரு யோசனை பிறந்தது. நானும் கைநாட்டே வைத்துவிடுகிறேன் என்றேன். பெயர் எழுதும் இடத்தில் 'கன்னையா, கூலி' என்று ஒரு பொய்ப் பெயரை, என் எழுத்தென்று தெரியாதபடி இடக்கையால் கோணலாக எழுதினேன். அவர் என் பெருவிரலைப் பிடித்து மையில் ஒற்றிக் காகிதத்தில் உருட்டினார். நூற்றுப் பதினேழு. வெட்கம் பிடுங்கித் தின்றது. தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

காகிதத்தை மடித்து மடியில் செருகிய பிறகும் அவர் என் கையை விடவில்லை. "ஆபீசுக்குப் போறீங்களே" என்று சொல்லி, துண்டின் நுனியைச் செம்பில் மிச்சமிருந்த பாலில் நனைத்து, என் விரலிலிருந்த மையை நகக்கண் வரைக்கும் பொறுமையாகத் துடைத்துவிட்டார்.