நான் எழுதிக் கொடுத்த மன்னிப்பு

டொராண்டோவில் எனக்கு இன்னும் பழகாத ஒன்று, இங்குள்ளவர்கள் மன்னிப்புக் கேட்கும் வேகம். போன வாரம் பஸ்ஸில் ஒரு பெரியவரின் காலை மிதித்துவிட்டேன். நான் வாய் திறப்பதற்குள் அவர் "ஸாரி" என்றார். மிதிபட்டவர் ஏன் மன்னிப்புக் கேட்கிறார் என்று சிரிப்பு வந்தது. வீடு வந்து சேர்வதற்குள் சிரிப்பு போய்விட்டது. அடிபட்டவள் கேட்ட மன்னிப்பு ஒன்றை என் கையாலேயே எழுதியவன் நான்.

ஏரலில் எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்தான். அப்பா வாழைத் தோட்டத்தில் கூலி. அக்கா பள்ளிப் படி ஏறியதில்லை. என்னைப் படிக்க வைக்க வாழைத்தார் சுமந்தவள். அவளைத் தச்சநல்லூரில் கட்டிக் கொடுத்திருந்தோம். பாலிடெக்னிக்கில் நான் தேறிய செய்தி கேட்டதும், அத்தானிடம் சொல்லாமல் பஸ் ஏறி வந்து என் வாயில் சீனியைப் போட்டுவிட்டுப் போனாள். மறுநாள் காலை திரும்பவும் வந்தாள். கை வீங்கியிருந்தது. உடைந்த வளையல் கீறிய இடத்தில் ரத்தம் காய்ந்திருந்தது. கேட்காமல் வாசல் தாண்டியதற்காம். தெருவில் யாரும் பதறவில்லை. அடி விழாத வீடு எது என்று எண்ணப் புகுந்தால் ஒரு விரல்கூட மடக்க முடியாத தெரு அது.

நாலாம் நாள் அத்தான் வீட்டிலிருந்து ஒரு அண்ணாச்சி பேச வந்தார். "எழுத்துல ஒண்ணு கொடுத்திரும் வே, கூட்டிட்டுப் போயிருவான். உம்ம வீட்லதான் படிச்ச புள்ள இருக்கானே!" என்று சிரித்தார். அப்பா என் பக்கம் திரும்பினார். "ஏலே, நல்லாப் பணிஞ்சு எழுது." எழுதினேன். 'தங்களைக் கேளாமல் வந்தது என் குற்றம். இனி வாசல்படி தாண்ட மாட்டேன். மன்னித்து ஏற்றுக்கொள்ளவும்.' ஒரு பிழை இல்லை. அண்ணாச்சி வாங்கிப் பார்த்து, "எழுத்து முத்து முத்தா இருக்கு" என்றபோது எனக்குப் பெருமையாக இருந்தது. அந்தப் பெருமையைத்தான் இன்றுவரை விழுங்க முடியவில்லை.

"படிச்சுக் காட்டுலே" என்றாள் அக்கா. படித்தேன்.

"எல்லாம் எழுதிட்ட. அவரு அடிச்சத எங்கலே எழுதியிருக்க?"

"அத எழுதுனா எவன்ட்டி கூட்டிட்டுப் போவான்?" என்றார் அப்பா. அக்காவின் பெருவிரலை நானே பிடித்து, மை தொட்டு, கடிதத்தின் அடியில் வைத்து அழுத்தினேன்.

இந்த ஊரிலும் அடி விழுகிறது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பக்கத்து ஃபிளாட்டில் ஏதோ பீங்கான் உடைந்தது. ஒரு பெண் அலறினாள். நான் டிவி சத்தத்தைக் கூட்டினேன். மேல்மாடியிலிருந்து யாரோ போன் செய்திருக்க வேண்டும், ஒரு போலீஸ்காரப் பெண் வந்து என் கதவைத் தட்டினார். என்ன கேட்டது என்று விசாரித்தார். "அது அவர்கள் குடும்ப விஷயம்" என்றேன். "நீங்கள் அவர்கள் குடும்பமா?" இல்லை என்றேன். "நல்லது. அப்படியானால் தாராளமாகச் சொல்லலாம்" என்று தாளை நீட்டினார். நான் ஒதுங்கிக்கொள்ளச் சொன்ன காரணம், அவருக்கு நான் எழுதுவதற்கான காரணமாகிவிட்டது. அரைப் பக்கம் எழுதினேன், டிவி சத்தத்தைக் கூட்டியது உட்பட.

அன்று சாயங்காலமே அக்காவுக்கு எழுத ஏரோகிராம் தாள் ஒன்றை எடுத்தேன். 'அடித்ததை எழுதாமல் விட்டது என் குற்றம். கிளம்பி வந்துவிடு, நான் பார்த்துக்கொள்கிறேன்' என்று எழுத வேண்டும். ஆனால் என் கடிதங்களை அவளுக்கு வாசித்துக் காட்டுகிறவர் அத்தான். அவர் பெயருக்குத்தான் எழுதுவதும் வழக்கம். உங்கள் தெருவில் இப்படி எழுதப் படிக்கத் தெரியாத ஒருத்தி இருந்தால், அவள் புருஷன் வீட்டில் இல்லாத வேளை பார்த்து இதை அவளுக்கு வாசித்துக் காட்டுங்கள்.

மேசையில் இரண்டு தாள்கள் கிடக்கின்றன. போலீசுக்கு இங்கிலீஷில் கொடுத்த வாக்குமூலத்தின் நகலில் என் முழுப் பெயர் இருக்கிறது. தமிழில், 'அன்புள்ள அத்தானுக்கு, நலம், நலமறிய ஆவல்' என்பதோடு பேனா நிற்கிறது.