அக்காவின் பட்டியலில் இல்லாத பத்தாவது பிழை

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். என் கையெழுத்துக் கோணல். எழுத்துப் பிழையும் நிறைய வரும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். அக்காவின் மகள்தான் இதைத் தட்டச்சுச் செய்து தருகிறாள். எழுத்தைத் திருத்து, சொன்னதைத் திருத்தாதே என்று அவளிடம் கேட்டிருக்கிறேன். அக்காவின் முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு எல்லாரும் எழுதிக் கொடுத்தார்கள். நான் மட்டும் கொடுக்கவில்லை. அதற்கு வெட்கம் மட்டும் காரணம் இல்லை.

அக்கா மன்னாரில் பிறந்தவர். எனக்கு ஆறு வயது மூத்தவர். இடம்பெயர்ந்து திரிந்த காலத்தில் மூன்று பள்ளிக்கூடம் மாறியும் படிப்பை விடவில்லை. நான் அம்மாவுக்குத் துணையாகக் கடையில் நின்றுவிட்டேன். அக்கா பல்கலைக்கழகம் போய், பௌதிகம், அதுதான் இயற்பியல், படித்து, திருமணமாகி லண்டன் வந்தார். பிறகு நானும் அகதியாக வந்து மோர்டனில் அவர் வீட்டு மேலறையில் இருந்தேன். இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறேன்.

அக்காவின் வேலை மருத்துவ பௌதிகம். புற்றுநோய்க்குக் கதிர்ச்சிகிச்சை கொடுக்கும்போது எவ்வளவு கதிர், எந்தப் பக்கத்தால், எத்தனை நாள் என்று ஒவ்வொருவருக்கும் கணக்குப் போடுவது. எங்கள் சொந்தக்காரர் அவரை டொக்டர் என்றே நினைத்து, காய்ச்சலுக்கெல்லாம் போன் எடுப்பார்கள். அக்கா "பனடோல் போடுங்கோ" என்று சொல்லிவிட்டுச் சிரிப்பார்.

அந்த வேலையில் ஒரு விதி உண்டு. கணக்குப் போட்டவரே அதைச் சரி பார்க்கக் கூடாது. இன்னொருவர் பார்த்து இரண்டாவது கையெழுத்து வைக்க வேண்டும். வீட்டிலும் அக்கா அப்படித்தான். கறிக்கு உப்புப் போட்டால் என்னைக் கூப்பிடுவார். கதவைப் பூட்டினால் நான் ஒருக்கா இழுத்துப் பார்க்க வேண்டும்.

அதே ஆஸ்பத்திரியில்தான் நான் துப்புரவு வேலை செய்கிறேன். என்னோடு வேலை செய்பவர்களில் பாதிப்பேர் கொலம்பியா, எக்குவடோர் பக்கத்தவர்கள். ஸ்பானிஷ் பேசுவார்கள். ஒருநாள் அந்தப் பக்கத்து முதியவர் ஒருவர், முகத்தை அசையாமல் இறுக்கும் மாஸ்க்கைக் கண்டதும் பயந்து, மெஷின் மேசையில் படுக்க மறுத்துவிட்டார். மொழிபெயர்ப்பாளர் போனில் வரவில்லை. தமிழர் என்றால் அக்காவே இறங்கிப்போய்ப் பேசுவார். இவருக்குப் பேச ஆளில்லை. கடைசியில் என்னோடு வேலை செய்யும் மார்த்தாவைக் கூப்பிட்டார்கள். அவ கையுறையைக் கழற்றிவிட்டு அவரின் கையைப் பிடித்துக் கதைத்தா. அவர் படுத்தார்.

அன்று வீட்டுக்கு வந்து அக்கா கேட்டார்:

"தம்பி, ஸ்பானிஷ் கதைக்கிற ஆக்கள் எல்லாரும் தும்புத்தடியோட கூட்டிக்கொண்டுதான் நிக்கினம். எங்கட அறைக்குள்ள ஏன் ஒருத்தரும் இல்லை?"

"என்னட்டயும் தும்புத்தடிதானே இருக்கு."

"நீ பேசாமல் இரு. ஐஞ்சாம் வகுப்பில கணக்குக்கு என்னைவிடக் கூட எடுத்தனீ."

அதிலிருந்து தொடங்கியது. தென் லண்டனில் ஒரு பல்கலைக்கழகத்தோடு பேசினார். அவர் திட்டம் இதுதான்: பௌதிகம் படிக்கும் லத்தீன் அமெரிக்கக் குடும்பத்துப் பிள்ளைகள் கோடை விடுமுறையில் ஆஸ்பத்திரியில் பழகுவார்கள். படிப்பு முடிந்ததும் இரண்டிடமும் சேர்ந்து, சம்பளத்தோடு பயிற்சி கொடுக்கும். பல்கலைக்கழகத்தார் ஒரு நிபந்தனை சொன்னார்கள். முதல் அறிமுக நாளுக்குப் பிள்ளைகள் வர வேண்டும். வராவிட்டால் திட்டம் இல்லை.

அக்கா ஒரு கட்டு நோட்டீஸை என்னிடம் தந்தார். "மார்த்தாவையளிட்டக் குடு. பிள்ளையளுக்குக் காட்டட்டும்."

அந்த நோட்டீஸில் அக்காவின் படம் இருந்தது. அவர் என் அக்கா என்று நான் வேலையிடத்தில் யாருக்கும் சொன்னதில்லை. மேலே கணக்குப் போடுகிறவருக்குக் கீழே தரை துடைக்கிற தம்பி இருப்பது அவருக்குக் குறைவு என்று நினைத்தேன். நாளைக்குக் கொடுப்போம், நாளைக்குக் கொடுப்போம் என்று கட்டை என் லொக்கருக்குள், கையுறைப் பெட்டிக்குப் பின்னால் வைத்தேன்.

அறிமுக நாளான சனிக்கிழமை அக்கா ரோல்ஸும் பற்றிஸும் பொரித்து, இரண்டு தட்டோடு மண்டபத்தில் காத்திருந்தார். வந்தது ஒரே ஒரு ஆள். அவரும் கதவு பூட்ட வந்தவர். அக்கா அவருக்கு மூன்று ரோல்ஸ் கொடுத்தார்.

திரும்பி வரும்போது ரயிலில் தட்டை மடியில் வைத்துக்கொண்டு, மிஞ்சிய நோட்டீஸின் பின்பக்கத்தில் எழுதத் தொடங்கினார். "எங்க பிழை விட்டனான் எண்டு பாப்பம்." சனிக்கிழமை வைத்தது பிழை. ஆங்கிலத்தில் மட்டும் அடித்தது பிழை. தாய் தகப்பனைக் கூப்பிடாதது பிழை. இப்படி ஒன்பது. ஒன்பதையும் தன் தலையில் போட்டார். எழுதி முடித்து என்னிடம் நீட்டினார். "சரி பார்."

நான் பார்த்தேன். "சரி அக்கா" என்றேன்.

அக்கா கெஞ்சி இன்னொரு தவணை வாங்கினார். இந்த முறை நான் மார்த்தாவிடம் போய், நோட்டீஸை ஸ்பானிஷில் எழுதித் தரச் சொல்லிக் கேட்டேன். படத்தைப் பார்த்து, "உந்தப் பெரிய மனிசியை உனக்கு எப்பிடித் தெரியும்?" என்ற மாதிரி எங்கள் அரைகுறை இங்கிலீசில் கேட்டா. என் அக்கா என்றேன். ஈரத்துணியால் முதுகில் ஒரு அடி போட்டா. "இவ்வளவு வருசமும் வாய்க்குள்ள என்ன வைச்சிருந்தனீ?"

எங்கள் கத்தோலிக்கக் கோயிலில் தமிழ்ப் பூசை முடிய ஸ்பானிஷ் பூசை நடக்கும். அந்த ஞாயிறு நான் வாசலில் நின்று ஒவ்வொரு கையிலும் நோட்டீஸ் கொடுத்தேன். காது சுட்டது. ஆனாலும் கொடுத்தேன். பூசை முடிய இரண்டாவது அறிமுகக் கூட்டத்துக்குக் கோயிலின் பங்கு மண்டபம் நிறைந்தது. பற்றிஸ் பத்தவில்லை. மார்த்தாவின் மகள் லூசியா அன்றைக்கு வந்தவள்தான். இன்று அக்கா இருந்த அறையில் வேலை செய்கிறாள். அவளுக்குப் பின் இன்னும் பிள்ளைகள் வந்தார்கள்.

பிறகு அக்காவுக்கே அந்த நோய் வந்தது. தன் பிரிவிலேயே சிகிச்சை எடுத்தார். அவருடைய கணக்கில் இரண்டாவது கையெழுத்து லூசியாவுடையது. அக்கா அதைக் காட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு, "உன்ர கையெழுத்து மாதிரியே கிறுக்கல்" என்று என்னிடம் சொன்னார். லூசியா அழுதுகொண்டு சிரித்தாள்.

அன்று சிகிச்சை முடிந்து, வாகனத்துக்காகக் காத்திருந்தபோது நான் சொல்லிவிட்டேன். நோட்டீஸ், லொக்கர், கையுறைப் பெட்டி, எல்லாம். அக்கா என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு இருமல் வரும்வரை சிரித்தார்.

"அப்ப நான் எழுதின ஒன்பதும் பிழை இல்லையோடா?"

"தெரியாது அக்கா."

"இல்லை, அதுகளும் பிழைதான். நீ குடுத்திருந்தாலும் சனிக்கிழமை ஆர் வந்திருப்பினம்? அவையளுக்கு வேலை." பிறகு கேட்டார்: "என்ர தம்பி எண்டு சொல்ல எனக்கு எண்டைக்காவது வெட்கமா இருந்ததோ?"

நான் தலையை ஆட்டினேன். இல்லை.

"பின்னை?" என்று என் கையைத் தட்டினார். "வேற ஆஸ்பத்திரியளிலயும் இதைத் தொடங்கப் போகினமாம். லூசியா அந்தப் பட்டியலைத்தான் இங்கிலீசில எழுதுவிச்சுக் கொண்டு போவாள். அது முழுசா இல்லை. பத்தாவதை நீ எழுதி வை."

"எனக்கு எழுத ஏலாது அக்கா."

"ஏலும்."

அக்கா போய் ஒரு வருடம் ஆகிறது. அவர் நோயில் கிடந்தபோது சோறும் சூப்பும் கொண்டுவந்த மோர்டன் அயலவர்கள், நோர்பரியிலிருந்தும் ஹரோவிலிருந்தும் வந்துபோன உறவுகள், இரண்டு பூசைக்கும் மணி அடித்த பங்குத் தந்தை, அக்காவோடு வேலை செய்தவர்கள், பெட்டியைத் தூக்கத் தோள் கொடுத்த ஸ்பானிஷ் பிள்ளைகள், எல்லாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. மார்த்தா, இதை உனக்கு வாசித்துக் காட்டும்படி லூசியாவிடம் சொல்ல ஏலாது. அவளுக்கும் தமிழ் தெரியாது. நானே வந்து சொல்கிறேன்.

பட்டியல் என்னிடம்தான் இருக்கிறது. எண்ணெய் பட்ட தாள். ஒன்பதுக்குக் கீழே கொஞ்ச இடம் இருந்தது. என் கோணல் எழுத்தில் இப்படி எழுதியிருக்கிறேன்:

பத்து. நோட்டீஸ் கொடுக்கப் போகிற ஆளிடம், அதைக் கொடுக்க வெட்கமாக இருக்கிறதா என்று முதலில் கேட்க வேண்டும். இருந்தால், பக்கத்தில் துணைக்கு ஒருவர் நிற்க வேண்டும்.

எழுதியது தம்பி. ஐப்பசி, இரண்டாம் ஞாயிறு, தமிழ்ப் பூசை முடிந்து வந்தபின்.