கிருஷ்ணம்மாள் மகள் ஓட்டிய ரயில்

பெரம்பலூர் டவுனுக்கு ரயில் கிடையாது. கேட்டுக் கேட்டு அலுத்துப்போன ஊர் அது. ரயில் ஏற வேண்டுமென்றால் பஸ் பிடித்து அரியலூர் போக வேண்டும். அப்படிப்பட்ட சீமையிலிருந்து ஒரு பெண் கிளம்பிப் போய்ச் சென்னையில் மெட்ரோ ரயில் ஓட்டுகிறாள் என்றால், அதை அடக்கி வாசிக்க யாரால் முடியும்? அவளுடைய மாமா ஆண்டவரால் நிச்சயமாக முடியவில்லை. அந்தக் கூத்து பின்னால் வருகிறது.

வேணிக்குச் சொந்த ஊர் எறையூர். சர்க்கரை ஆலை இருக்கும் ஊர். அப்பா இளையபெருமாள் கரும்பு விவசாயி. சொந்தமாக ஒரு டிராக்டரும் டிரெய்லரும் உண்டு. அரவைக் காலம் வந்துவிட்டால் தன் கரும்பையும் அக்கம்பக்கத்தார் கரும்பையும் ஏற்றிக்கொண்டு ஆலைக்கு நடையாய் நடப்பார். அவருக்கு முதுகு பிடித்துக்கொண்டு உட்கார முடியாமல் போன வருஷம், பாலிடெக்னிக் முடித்துவிட்டு வீட்டில் இருந்த வேணி ஸ்டியரிங்கைப் பிடித்தாள். பொம்பளைப் பிள்ளைக்கு எதற்கு இந்த வேலை என்று கேட்டவர்கள் எல்லாரும் அடுத்த வாரமே கரும்பு ஏற்ற அவளைத்தான் கூப்பிட்டார்கள். வாய் ஒன்று பேசும், வேலை என்று வந்தால் கை இன்னொரு பக்கம் நீளும். ஊர் என்றால் அப்படித்தான்.

வண்டி ஓட்டியது வேணி மட்டும் என்று சொன்னால் அவள் அம்மா கிருஷ்ணம்மாள் சண்டைக்கு வந்துவிடுவாள். மகளைத் தனியாக அனுப்ப மனமில்லாமல் அவளும் கூடவே வருவாள். சந்தில் திரும்பும்போது, வரப்போரம் ஒதுங்கும்போது, முக்கியமாக ஆலை வாசலில் எடைமேடைக்கு வரும்போது, முதல் ஆளாகக் கீழே குதித்து வண்டிக்கு முன்னால் போய் நின்றுகொள்வாள்.

"வரலாம்... வரலாம்... இன்னும் வரலாம்... நில்லு!"

அவள் குரலுக்கு முன்னால் ஆலைச் சங்கு எல்லாம் சும்மா. எடைமேடை என்பது தரையோடு பதித்த பெரிய இரும்புப் பலகை. வண்டியின் சக்கரங்கள் மொத்தமும் அதற்குள் நிற்க வேண்டும். கொஞ்சம் முன்னே பின்னே நின்றால் எடைபோடுகிறவர் கத்துவார், பின்னால் வரிசையில் நிற்பவர்கள் ஹாரன் அடித்தே காதைக் கிழிப்பார்கள். கிருஷ்ணம்மாள் குரல் கொடுத்தால் வேணி கண்ணை மூடிக்கொண்டு நிறுத்துவாள். ஒருநாளும் தப்பியதில்லை.

சென்னையில் மெட்ரோவைப் புதிய புதிய தடங்களுக்கு நீட்டிக்கொண்டிருந்த நேரம். ரயில் ஓட்ட ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, வீட்டில் கூடச் சொல்லாமல் விண்ணப்பம் போட்டாள். பரீட்சை எழுதினாள், நேர்முகத்துக்குப் போனாள், கிடைத்துவிட்டது. இளையபெருமாளுக்குக் கால் தரையில் பாவவில்லை. கிருஷ்ணம்மாள் மட்டும் மகள் பெட்டி கட்டுவதைப் பார்த்துக்கொண்டே, "அங்க யாருடி உனக்கு முன்னால நின்னு கூப்புடுவா?" என்று கேட்டாள். எல்லாரும் சிரித்தார்கள். வேணியும் சிரித்தாள்.

சிரித்தது தப்பு என்று பயிற்சிக்குப் போன பிறகுதான் தெரிந்தது.

பாடம், சிக்னல், வண்டியின் உள்ளுறுப்புகள் எல்லாம் அவளுக்குத் தண்ணீர் பட்டபாடு. மெட்ரோ ரயிலைப் பெரும்பாலும் கம்ப்யூட்டரே பார்த்துக்கொள்ளும். ஆனாலும் அது கைவிட்டுவிட்டால், ஓட்டுகிற ஆள் கையால் ஓட்டிக் கையால் நிறுத்தத் தெரிய வேண்டும். நடைமேடையில் கண்ணாடிக் கதவுகள் வரிசையாக இருக்கும். ரயிலின் கதவு அந்தக் கதவுக்கு நேராக வந்து நிற்க வேண்டும். அங்கேதான் வேணி சறுக்கினாள். ரயிலைப் போலவே செய்து வைத்த பயிற்சி அறையில் உட்கார்ந்து ஓட்டும்போது, நிலையத்துக்குள் அழகாக வருவாள், வேகம் குறைப்பாள், கடைசியில் கை தயங்கும். நிற்க வேண்டிய குறிக்கு முன்பே வண்டி நின்றுவிடும். ஒரு தடவை, இரண்டு தடவை இல்லை. எப்போது ஓட்டினாலும் அதே தப்பு, அதே இடத்தில்.

பயிற்சி கொடுத்த ஜெயசுதா மேடத்துக்கே புரியவில்லை. "எல்லாம் சரியா பண்றீங்க வேணி. கடைசியில எதுக்காகவோ காத்திருக்கற மாதிரி இருக்கு. எதுக்காகக் காத்திருக்கீங்க?"

அந்தக் கேள்வியைச் சுமந்துகொண்டே வேணி தேர்வுக்குப் போனாள். தேர்வில் தோற்றாள். இன்னும் ஒரே ஒரு வாய்ப்பு உண்டு, அதிலும் தவறினால் வேலை இல்லை என்று சொல்லி, இடையில் ஊருக்குப் போய்வர விடுப்புக் கொடுத்தார்கள். தை மாதம். அக்கா மகனுக்குக் காதுகுத்து வைத்திருந்தார்கள். போகாமல் இருக்க முடியாது. அரியலூரில் ரயிலை விட்டு இறங்கும்போது, தான் ஏறி வந்த ரயிலை ஓட்டியவரை அவள் எட்டிப் பார்த்தாள். அவர் பாட்டுக்குத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். அந்த மனிதர் மேல் அவளுக்கு அப்படியொரு பொறாமை வந்தது.

பஸ் மாறி எறையூரில் இறங்கினால், நிறுத்தத்திலேயே அவளை வரவேற்றது ஒரு ஃபிளெக்ஸ் பேனர்.

'சென்னை மெட்ரோவை இயக்கும் எங்கள் குலவிளக்கே! வருக! வருக!'

மேலே மூக்கு நீண்ட ஏதோ வெளிநாட்டு ரயில் பறந்துகொண்டிருந்தது. ஓரத்தில் வேணியின் பாலிடெக்னிக் அடையாள அட்டைப் படம், தலைவலி வந்தவள் மாதிரி. நடுவில் அதைவிட நாலு மடங்கு பெரிதாகக் கும்பிட்டபடி வேணியின் தாய்மாமன் ஆண்டவர். காதுகுத்து யாருக்கு என்பது அடியில் பொடி எழுத்தில் இருந்தது.

வேணிக்கு அழுகை வந்தது. சிரிப்பும் வந்தது. பையைத் தூக்கிக்கொண்டு குனிந்த தலை நிமிராமல் வீட்டுக்கு நடந்தாள்.

மறுநாள் பந்தலில் பார்த்தவரெல்லாம் ரயிலைப் பற்றியே கேட்டார்கள். சாப்பிட உட்கார்ந்தால் அங்கேயும் ரயில். ஆண்டவர் மைக்கைப் பிடித்து, "இப்ப நம்ம வேணி ரெண்டு வார்த்தை பேசும்" என்று அறிவித்துவிட்டார். மைக்கைக் கையில் வாங்கியபோது பொய் சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்தாள். வாய் வரவில்லை.

"மாமா, நான் இன்னும் ரயில் ஓட்டல. பரிச்சையில பெயிலாயிட்டேன். இன்னொரு தடவ வைப்பாங்க. அதுலயும் போச்சுன்னா திரும்பி வந்துருவேன்."

ஆண்டவர் முகம் சுண்டிப்போனது.

"பெயிலா? ஏம்மா, பேனர் வச்சிட்டேனே!"

"எறக்கிடுங்க மாமா."

"எறக்குறதாவது! வச்சது வச்சதுதான். நீ போயி பாஸ் பண்ணிட்டு வா. அதுவரைக்கும் அது அங்கதான் நிக்கும்."

பந்தியில் யாரோ சிரித்தார்கள், பிறகு எல்லாரும் சிரித்தார்கள். வேணிக்கும் பாரம் இறங்கியது மாதிரி இருந்தது. அதைக் கெடுத்தது கிருஷ்ணம்மாள்தான். சாம்பார் வாளியோடு வந்தவள் மகள் இலைக்கு முன்னால் நின்று, எல்லார் காதிலும் விழும்படி சொன்னாள்.

"நான்தான் அன்னைக்கே சொன்னேன்ல? எதுக்க ஒரு ஆளு நின்னு கூப்புடாம உன்னால நிப்பாட்ட முடியாதுடி."

வேணிக்குச் சுருக்கென்று தைத்தது. சோற்றைப் பிசைந்த கை அப்படியே நின்றது. அம்மா குத்திக்காட்டியதற்காக வந்த கோபம் இல்லை அது. அம்மா சொன்னது உண்மை என்பதால் வந்த கோபம். ஜெயசுதா மேடம் கேட்ட கேள்விக்குப் பதில் சாம்பார் வாளியோடு எதிரில் நின்றுகொண்டிருந்தது. இத்தனை நாளும் அவள் காத்திருந்தது இந்தக் குரலுக்காகத்தான்.

மறுநாள் காலையில் ஆலைக்கு ஒரு லோடு போக வேண்டியிருந்தது. "நான் ஓட்டறேன்பா" என்று சாவியை வாங்கிக்கொண்டாள். வழக்கம்போல அம்மாவும் ஏறிக்கொண்டாள். வரிசை நகர்ந்து நகர்ந்து எடைமேடை வந்தது. கிருஷ்ணம்மாள் கீழே குதித்தாள்.

"அம்மா, இன்னைக்கு நீ கூப்புடக் கூடாது."

"ஏன்டி?"

"வாயத் தொறக்கக் கூடாது. அவ்ளோதான்."

கிருஷ்ணம்மாளுக்கு வாயை மூடிக்கொண்டிருப்பது பட்டினி கிடப்பதைவிடக் கஷ்டம். முந்தானையை எடுத்து வாயில் பொத்திக்கொண்டு ஓரமாகப் போய் நின்றாள். வேணி வண்டியை நகர்த்தினாள். பலகைக்கு மேல் ஏறியது, கால் தயங்கியது, காது தானாகவே தேடியது. வண்டி நின்றுவிட்டது. டிரெய்லரின் பின்சக்கரம் வெளியே.

"ஏம்மா, முன்னால வாம்மா!" என்று எடைபோடுகிறவர் கத்தினார். பின்னாலிருந்து ஹாரன் காதைப் பிய்த்தது. கிருஷ்ணம்மாளின் கண் இரண்டும் பிதுங்கி வெளியே வந்துவிடும் போலிருந்தது. ஆனாலும் முந்தானை இறங்கவில்லை. அந்த ஒரு விஷயத்துக்காக அவளுக்குக் கோயில் கட்டலாம்.

வேணி வண்டியைப் பின்னால் எடுத்து மறுபடி வந்தாள். இந்தத் தடவை அவளே வாய் திறந்தாள். முதலில் முணுமுணுப்பாக, அப்புறம் வெட்கத்தை விட்டுச் சத்தமாகவே. "வரலாம்... வரலாம்... இன்னும் வரலாம்... நில்லு!" சொல்லும் வாயும் கேட்கும் காலும் ஒரே ஆளுடையது. பிரேக்கில் கால் பதிந்தது. எல்லாச் சக்கரமும் பலகைக்குள். எடைபோடுகிறவர் தலையை ஆட்டினார்.

கிருஷ்ணம்மாள் முந்தானையை இறக்கினாள். மகளைப் பாராட்டவில்லை. "டீ குடிப்பியா?" என்று மட்டும் கேட்டுவிட்டுக் கடைப்பக்கம் போனாள்.

இரண்டாவது தேர்வில் வேணிக்குப் பின்னால் ஜெயசுதா மேடமும் ஒரு பெரிய அதிகாரியும் உட்கார்ந்திருந்தார்கள். சிக்னலைப் பார்த்து வாய்விட்டுச் சொல்வது ரயில் ஓட்டுகிறவர்களுக்குப் புதிதில்லை. ஆனால் நிலையத்துக்குள் நுழையும்போது இந்தப் பெண் "வரலாம், வரலாம்" என்று டிராக்டர் பாஷையில் பேசுவதைக் கேட்டு அதிகாரி முழித்தார். "நில்லு" என்றாள். வண்டி குறியில் நின்றது. அடுத்த நிலையத்திலும் நின்றது. எல்லா நிலையத்திலும் கதவுக்குக் கதவு நேராக நின்றது.

"யார்கிட்டம்மா பேசிட்டே வந்தீங்க?" என்றார் அதிகாரி.

"எங்கிட்டதான் சார்."

அவர் சிரித்துக்கொண்டே கை நீட்டினார். வேணி அந்தக் கையைப் பிடித்துக் குலுக்கிய குலுக்கில் அவர் சட்டைப் பையிலிருந்த பேனா கீழே விழுந்தது. ஜெயசுதா மேடம் அவளைக் கட்டிக்கொண்டார்.

புதிய தடம் ஒன்றை மக்களுக்குத் திறந்துவிட்ட வாரத்தில், அந்தத் தடத்திலேயே வேணிக்கு வேலை விழுந்தது. சேதி கேட்டதும் அரியலூரில் ரயில் ஏறி மூன்று பேரும் சென்னைக்கு வந்துவிட்டார்கள்: அப்பா, அம்மா, வெளுத்த வேட்டியில் ஆண்டவர். முதல் பெட்டியில் ஏறிக்கொண்டார்கள். ஓட்டுகிற அறைக்கும் அவர்களுக்கும் நடுவில் ஒரு கதவுதான். இடம் காலியாகக் கிடந்தும் கிருஷ்ணம்மாள் உட்காரவில்லை. கம்பியை இறுக்கிப் பிடித்து நின்றுகொண்டு, ஒவ்வொரு நிலையம் வரும்போதும் கால் கட்டைவிரலைத் தரையில் அழுத்தி, தானே பிரேக் போட்டாள். பக்கத்தில் நின்றவர்களிடம் ஆண்டவர், "ஓட்டறது நம்ம பொண்ணுங்க" என்று சொல்லிச் சொல்லியே தொண்டையைக் கட்டிக்கொண்டார். கேட்டவர்களில் ஒரு கல்லூரிப் பெண் இறங்கும்போது ஓட்டுகிற அறைப்பக்கம் கைகாட்டிவிட்டுப் போனாள்.

கடைசி நிலையத்தில் வண்டி திரும்பிப் போக, ஓட்டுகிறவர் மறுமுனைக்கு நடந்து போக வேண்டும். சீருடையில் இறங்கி வந்த மகளைப் பார்த்ததும் இளையபெருமாள் தோளில் கிடந்த துண்டை எடுத்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"எப்படிம்மா இருந்துச்சு?" என்றாள் வேணி.

"பரவால்ல" என்றாள் கிருஷ்ணம்மாள்.

"சரி, பீச்சுக்குப் போவமா?" என்றார் ஆண்டவர்.

"போறவங்க போங்க. நான் இன்னொரு தடவ போயிட்டு வரேன்" என்றாள் கிருஷ்ணம்மாள்.

மறுபடி டிக்கெட் எடுத்து அம்மாவும் அப்பாவும் ஏறினார்கள். ஆண்டவர் பீச்சுக்குப் போனார். நிலையத்துக்கு நிலையம் கூட்டம் ஏறியது, வேலைக்குப் போகிறவர்கள், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு சும்மா பார்க்க வந்தவர்கள். மறுகோடியில் வண்டி நின்று கதவு திறந்து எல்லாரும் இறங்கினார்கள். அம்மாவையும் அப்பாவையும் மட்டும் காணவில்லை. அறையைப் பூட்டிக்கொண்டு நடந்து வந்த வேணி பெட்டிக்குள் எட்டிப் பார்த்தாள். இளையபெருமாள் பதறிப்போய் உதட்டில் விரலை வைத்தார்.

அவர் தோளில் சாய்ந்து, வாயைக் கொஞ்சம் திறந்துகொண்டு, கிருஷ்ணம்மாள் தூங்கிக்கொண்டிருந்தாள். அரியலூர் போகும் பஸ்ஸில்கூடக் கண் மூடாதவள். அடுத்தவர் ஓட்டும் வண்டியில் மனுஷி தூங்குவாளா என்று கேட்கிறவள்.

"எழுப்பிப் பாத்தேம்மா" என்றார் இளையபெருமாள் தணிந்த குரலில். "வேணி ஓட்டுறா, பேசாம இருங்கன்னுட்டு திரும்பப் படுத்துக்கிட்டா."

தேர்வில் ஜெயித்த அன்றுகூட இவ்வளவு சந்தோஷமாக வேணி இருந்ததில்லை.

"தூங்கட்டும்பா. இதே வண்டிதான் திரும்பப் போவுது. நான்தான் ஓட்டறேன்."

நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு அவள் மறுமுனைக்கு நடந்தாள். கதவுகள் மூடின. தூங்கும் அம்மாவையும் ஏற்றிக்கொண்டு வேணி வண்டியை எடுத்தாள்.