உதடு அசையக் கூடாது

எனக்கு வாய்விட்டுப் படித்தால்தான் மண்டையில் ஏறும். சின்ன வயசில் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் மொத்த வகுப்பும் சேர்ந்து கத்திக் கத்திப் படித்த பழக்கம். சாஃப்ட்வேர் வேலைக்கு வந்து இத்தனை வருஷமாகியும் அது போகவில்லை. திரையைப் பார்த்து எதையாவது யோசித்தால் உதடு தானாக முணுமுணுக்கும். "வேலை செய்றியா, ஜெபமாலை சொல்றியா?" என்று வூட்டுக்காரர் கேலி பண்ணுவார். கேலியோடு போயிருந்தால் பரவாயில்லை. இந்த உதட்டால் என் பிழைப்பே ஆட்டம் காணும் என்று யார் கண்டது.

விருத்தாசலத்தில் வூட்டில் உட்கார்ந்தபடியே சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு வேலை பார்க்கிறேன். ஆஸ்திரேலியாவில் வரிசையாக மருந்துக்கடை வைத்திருக்கிற ஒருத்தருக்கு நாங்கள் சாஃப்ட்வேர் எழுதிக் கொடுக்கிறோம். எழுதியதை அங்கே ஓடுகிற சர்வர்களில் பத்திரமாக ஏற்றுவது என் பொறுப்பு. அதற்கென்று ஒரு டூல் இருக்கிறது. கல்யாணம் பண்ணி வந்த வூட்டை விட அந்த டூலோடுதான் அதிகம் குடித்தனம் நடத்தியிருக்கிறேன். எங்கே முரண்டு பிடிக்கும், எப்படித் தட்டினால் வழிக்கு வரும் என்பதெல்லாம் அத்துப்படி.

போன வருஷம் ஆபீசிலிருந்து ஒரு மெயில் வந்தது. அந்த டூலைத் தயாரிக்கிறவர்கள் நடத்துகிற சர்டிபிகேஷன் பரீட்சையை டீமில் எல்லோரும் காலாண்டு முடிவதற்குள் பாஸ் செய்ய வேண்டும். வாடிக்கையாளர் போட்ட நிபந்தனை. பாஸ் செய்யாதவர்கள் புராஜெக்டை விட்டு வெளியே. வேறு புராஜெக்ட் கிடைக்கும்வரை தினமும் சென்னை ஆபீசில் வந்து உட்கார வேண்டும். பரீட்சைக் கட்டணம் அவரவர் கையிலிருந்து.

மகள் பத்தாவது படிக்கிற வருஷம் அது. வூட்டுக்காரர் செராமிக் பேட்டையில் சின்னதாக ஒரு யூனிட் வைத்து கரண்டு ஃப்யூஸுக்கான பீங்கான் கட்டை செய்கிறார். சூளை பற்றவைத்த நாளில் எப்போது வருவார் என்று அவருக்கே தெரியாது. நான் சென்னையில் ஹாஸ்டலில் கிடந்தால், அந்தப் பிள்ளை சாயங்காலம் பூட்டின வூட்டைத் திறந்து ஒண்டியாக உட்கார வேண்டும். பொதுத் தேர்வு வருஷத்தில் அவளை அப்படி விட எனக்கு மனசில்லை. எனக்கு வேண்டியிருந்தது அந்தக் காகிதம் இல்லை. அவள் வருகிற நேரத்துக்கு வூட்டில் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஆனாலும் கோபம் அடங்கவில்லை. "அந்த டூல வச்சி நாள் முழுக்க மாரடிக்கிறேன். எனக்குத் தெரியுமா தெரியாதான்னு பரீட்சை வேற. ஏட்டுச் சுரைக்கா கறிக்கு ஆவுமா?" என்று அடுப்படியில் நின்று கத்தினேன்.

வூட்டுக்காரர் கை கழுவிக்கொண்டே சொன்னார்: "என் கட்டைல முத்திரை இல்லன்னா கடைக்காரன் கையாலயே தொட மாட்டான். உள்ள நல்லாருக்கா இல்லியான்னு அவன் எத வச்சிப் பாப்பான்? முத்திரையத்தான் பாப்பான்."

"முத்திரை போட்ட கட்டை வெடிச்சதே இல்லியா?"

"வெடிச்சிருக்குது. ஆனா வித்திருக்குது. பணத்தக் கட்டு, போ."

கட்டினேன். ஒரு மாசத்து மளிகை அதில் அடங்கும்.

அதே நாட்களில் மகளோடு எனக்குத் தினமும் சண்டை. அறிவியல் புத்தகத்தை வரி மாறாமல் நெட்டுருப் போடுவாள். "புரிஞ்சி படிடி, உன் சொந்த வார்த்தைல எழுது" என்பேன். "புக்ல இருக்குறத அப்டியே எழுதினாத்தான் மிஸ்ஸு ஃபுல் மார்க் போடுவாங்கம்மா" என்பாள். "மார்க்கு கெடக்குது. நாளைக்கு ஒரு கஷ்டம்னு வந்தா புக்கா வந்து நிக்கும்?" என்று நான் எகிறுவேன். அவளும் என் பிள்ளைதானே, வாயசைத்துத்தான் படிப்பாள். இரண்டு பேரும் ஆளுக்கொரு மூலையில் முணுமுணுத்துக்கொண்டு கிடந்தோம்.

பரீட்சை வூட்டிலிருந்தே எழுதலாம். கேமராவைப் போட்டுவிட்டு உட்கார வேண்டும். எங்கிருந்தோ ஒருத்தர் நம்மையே பார்த்துக்கொண்டிருப்பார். அவர் முகம் நமக்குத் தெரியாது. திரை ஓரத்தில் இங்கிலீஷில் எழுதிக் கட்டளை போடுவார். காவல்காரர் என்று நானே பெயர் வைத்துக்கொண்டேன். அறையைச் சுற்றிக் காட்டச் சொன்னார், காட்டினேன். மேசைக்கு அடியில் காட்டச் சொன்னார், காட்டினேன். சுவரில் தேதி காலண்டரில் எழுத்து இருக்கிறது, எடுங்கள் என்றார். எடுத்தேன். மாதா படத்துக்குக் கீழே வேத வசனம் ஒரு வரி இருந்தது. அதையும் எடுக்கச் சொன்னார். மாதாவை சுவர்ப்பக்கம் திருப்பி மூலையில் சாய்த்து வைத்தபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டேன்.

செல்போன் அறைக்குள் இருக்கக் கூடாது. வூட்டுக்காரரிடம் கொடுத்திருந்தேன். அதற்காகவே யூனிட்டுக்குப் போகாமல் கூடத்தில் உட்கார்ந்திருந்தார். "வூடு பத்திக்கிட்டு எரிஞ்சாலும் கதவத் தொறக்காதீங்க. அறைக்குள்ள இன்னொரு ஆளு தெரிஞ்சா முடிஞ்சிது" என்று சொல்லிவிட்டுத்தான் உள்ளே போனேன்.

பத்துக் கேள்விகூட ஆகியிருக்காது. திரை ஓரத்தில் எழுத்து வந்தது: உங்கள் உதடு அசைகிறது, யாரிடம் பேசுகிறீர்கள்? யாரிடமும் இல்லை, எனக்கு நானே படிக்கிறேன் என்று தட்டினேன். படிக்கும்போது உதடு அசையக் கூடாது, இது முதல் எச்சரிக்கை என்றார். உதட்டை இறுக்கி மூடிக்கொண்டேன். மூடினதும் ஒன்றும் புரியவில்லை. தெரிந்த டூல், தெரிந்த கேள்வி, எழுத்து மட்டும் எறும்பு மாதிரி ஊர்கிறது. ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். எப்போது வாய் திறந்ததென்று தெரியவில்லை. இரண்டாவது எச்சரிக்கை வந்தது. இன்னொரு தடவை என்றால் பரீட்சை நிறுத்தப்படும்.

கன்னத்தை உள்பக்கமாகக் கடித்துக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போனேன். அப்போதுதான் கூடத்தில் போன் அடித்தது. நின்றது. மறுபடி அடித்தது. மறுபடியும். அவர் எடுத்துப் பேசுகிற சத்தம் கேட்டது. பேச்சு நின்று, நடந்து வருகிற சத்தம். கதவுக்கு அந்தப் பக்கம் வந்து நின்றுவிட்டார். திறக்கவில்லை. அவர் மூச்சு விடுவது எனக்குக் கேட்டது. பிள்ளைக்கு ஸ்கூலில் ஏதாவது ஆகிவிட்டதோ? தலையைக்கூடத் திருப்ப முடியாது.

"இந்தா பாரு" என்றார், மெதுவாக. "பாப்பாவுக்கு ஒண்ணும் இல்ல, பயப்படாத. உன் ஆபீஸ் பொண்ணு பேசுது, அழுவுது. என்னமோ அவசரம்னு ஏத்தச் சொன்னாங்களாம், பாதியில நின்னு போச்சாம். ரோல்பேக் போடட்டுமான்னு கேக்குது. போடு, வேணாம், ரெண்டுல ஒண்ணு சொல்லு."

அந்தப் பெண் கெட்டிக்காரி. என்னை அக்கா என்றுதான் கூப்பிடும். எல்லோருக்கும் முந்தி அந்தப் பரீட்சையைப் பாஸ் செய்ததும் அதுதான். அது கேட்டதில் தப்பே இல்லை. ஏற்றுவது பாதியில் நின்றால் எல்லாவற்றையும் பழையதற்கே திருப்பிவிடு, அதுதான் ரோல்பேக், என்று புத்தகம் சொல்கிறது. ஆனால் அந்தத் தடவை ஏற்றினதில் மருந்துச் சீட்டுப் பதிகிற அட்டவணையையே மாற்றியிருந்தோம். மாற்றினவர்களில் நானும் ஒருத்தி. ரோல்பேக் போட்டால் பழைய அட்டவணை திரும்பிவிடும், புதுசு ஓட ஆரம்பித்ததிலிருந்து கடைகளில் பதிந்த சீட்டெல்லாம் போய்விடும். யாருக்கு எந்த மாத்திரை, எத்தனை வேளை, எல்லாம் போச்சு.

கேமரா என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தது. ஒரே வார்த்தை. அதைச் சொன்னால் பரீட்சை போகும், கட்டின பணம் போகும், சென்னை வந்து வாசலில் நிற்கும். சொல்லாவிட்டால் அந்தப் பெண் இன்னும் கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு பொத்தானை அமுக்கிவிடும். உட்கார்ந்திருந்தேன். எவ்வளவு நேரம் என்று சொல்ல முடியாது; எனக்கு ரொம்ப நேரமாகத் தெரிந்தது.

"ஏம்மா, அந்தப் பொண்ணு லைன்ல இருக்குது" என்றார் அவர்.

"வேணாம்" என்றேன். "போட வேணாம்னு சொல்லுங்க. எதையும் தொட வேணாம், நான் வரேன்னு சொல்லுங்க."

பேசி முடிப்பதற்குள் திரை வெளுத்தது. விதிமீறல், தேர்வு முடிக்கப்பட்டது என்று ஒரு வரி. தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன. எழுந்துபோய்க் கதவைத் திறந்து போனை வாங்கினேன். முரண்டு பிடித்த சர்வர்களை வரிசையிலிருந்து கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, மற்றதில் புதுசை ஏற்றி முடித்தோம். பிறகு கழற்றினதை ஒவ்வொன்றாகச் சேர்த்தோம். வாய் ஓயாமல் முணுமுணுத்துக்கொண்டே செய்தேன். ஒரு சீட்டுகூடத் தவறவில்லை. வூட்டுக்காரர் மாதாவை எடுத்து மறுபடி ஆணியில் மாட்டினார்.

சாயங்காலம் மேனேஜர் பேசினார். நல்ல மனுஷர்தான். "பெரிய ஆபத்துலேருந்து காப்பாத்தினீங்க மேடம், கிளையண்ட் மெயில் போட்டிருக்காங்க" என்றார்.

"சரிங்க சார். என் சர்டிபிகேஷன் என்னாவும்?"

"நான் மேல கேட்டுப் பாத்துட்டேன் மேடம். ரூல்ஸு எல்லாருக்கும் ஒண்ணுதான்றாங்க. காலாண்டு முடியறதுக்குள்ள இன்னொரு வாட்டி எழுதிடுங்களேன்."

"எதுக்காக வாயத் தொறந்தேன்னு சொன்னீங்களா?"

"சொன்னேன் மேடம்."

வாயில் வந்ததை எல்லாம் முழுங்கிக்கொண்டு வைத்துவிட்டேன். அன்றைக்கு நான் அழுதேன். பணம் போனதற்காக இல்லை. அந்த டூலை அன்றைக்கு முழுசாக அறிந்து கையாண்டவள் நான், அதே டூலில் தோற்றவளும் நான், இரண்டும் ஒரே நாளில். இதை யாரிடம் போய்ச் சொல்ல?

மறுபடி பணம் கட்டினோம். இந்த முறை படிப்பை விட உதட்டுக்குத்தான் பயிற்சி. மகள் எதிரில் உட்கார்ந்து தன் பாடத்தைப் படித்தபடி என் வாயையே கவனிப்பாள். லேசாக அசைந்தால் போதும், "ஒதடு" என்பாள். சோறு தின்னும்போதுகூட ஒரு தடவை "ஒதடு" என்றாள், அவரும் சேர்ந்து சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இது போனால் அடுத்த தடவைக்கு நாள் இல்லை என்பது எங்கள் மூன்று பேருக்கும் தெரியும்.

இரண்டாவது பரீட்சை ஒரு ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து வந்து காலண்டரையும் மாதாவையும் நானே முன்கூட்டி எடுத்து வைத்தேன். வேறு காவல்காரரோ என்னவோ, அதே கட்டளைகள். நாக்கை மேல் அண்ணத்தில் ஒட்டவைத்துக்கொண்டு படித்தேன். ஒவ்வொரு கேள்வியும் தொண்டைக்குள் மாட்டி மாட்டி இறங்கியது. ஒரு எச்சரிக்கை வந்தது. அதோடு நின்றது.

கடைசிக்குப் பக்கத்தில் அந்தக் கேள்வி வந்தது. புதுசை ஏற்றும்போது பாதியில் நின்றுவிட்டது, சில சர்வர்களில் புதுசு, சிலவற்றில் பழசு. முதலில் என்ன செய்வீர்கள்? பதில்களில் ஒன்று, உடனே ரோல்பேக். இன்னொன்று, முரண்டு பிடிப்பதைக் கழற்றிவிட்டு மற்றதில் ஏற்றி முடிப்பது. அட்டவணை மாறியிருக்கிறதா இல்லையா என்று கேள்வியில் ஒரு வார்த்தை இல்லை. அதைக் கேட்காமல் நான் எதையும் தொட மாட்டேன். கேட்க அங்கே ஆள் இல்லை. புத்தகத்தில் எந்தப் பக்கத்தில் எந்தப் பதில் என்பது மட்டும் கண்ணுக்கு முன்னால் நின்றது. அதுவரை எழுதின பதில்களில் எத்தனை தேறும் என்று தெரியாது. ஒன்றைக்கூட விடுகிற நிலையில் நான் இல்லை.

ரோல்பேக் என்பதை அமுக்கினேன். உதடு அசையவில்லை.

பாஸ் என்று வந்ததும் கதவைத் திறந்தேன். மகள் வாசற்படியிலேயே உட்கார்ந்திருந்தாள். முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டு கட்டிப் பிடித்துக்கொண்டாள். வூட்டுக்காரர், "முத்திரை விழுந்துச்சா? நம்ம ஜங்ஷன் கடைல கறி எடுத்தாறேன்" என்று வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினார். நெஞ்சிலிருந்து ஒரு கல் இறங்கியது நிஜம். நான் எங்கேயும் போகப் போவதில்லை.

"அன்னிக்கு நடந்த மாரி கேள்வி ஏதாச்சும் வந்துச்சாம்மா?" என்றாள் அவள். நான் ஒரு வார்த்தை சொல்லிப் பரீட்சையை விட்ட கதையை ஸ்கூல் பூராவும் சொல்லி வைத்திருந்தாள்.

"வந்துச்சு."

"என்னா போட்ட?"

"ரோல்பேக்கு."

கையை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "அது தப்புன்னு சொன்ன?"

"புக்ல அப்படித்தான் இருக்குது" என்றேன். எனக்கு வெட்கமாக இருந்தது. அவள் கேலிகூடப் பண்ணவில்லை.

சாயங்காலம் நான் தோசை ஊற்றிக்கொண்டிருந்தேன். அடுப்படி வாசலில் உட்கார்ந்து அறிவியல் புத்தகத்தை வரி மாறாமல் நெட்டுருப் போட்டுக்கொண்டிருந்தாள். நடுவில் நிறுத்தி நிமிர்ந்து பார்த்தாள், வழக்கமான திட்டு வரும் என்று. நான் தோசையைத் திருப்பிப் போட்டேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, விட்ட வரியிலிருந்து மறுபடி படிக்க ஆரம்பித்தாள்.