டகோட்டாவின் வலது இறக்கை

ஒட்டியிருந்த வெள்ளித்தாள் துண்டைக் கத்தி முனையால் நெம்பி உரித்தெடுக்கிறான் சரத்குமார். நகத்தளவுத் துண்டு. பழைய பசையைச் சுரண்டுகிறான், புதுப் பசை தடவுகிறான், எடுத்த இடத்திலேயே திரும்ப ஒட்டி ஈர்க்குச்சியின் மழுங்கிய நுனியால் நீவிவிடுகிறான். நேற்றும் இதே துண்டுதான். நாளைக்கும் இதுதான். எதிரே கட்டிலில் சாய்ந்திருக்கும் அவனுடைய அம்மா சின்னப்பாப்பா கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

பலகைமேல் இருப்பது டகோட்டா. உலகப் போர்க் காலத்தில் ஆளையும் சாமானையும் சுமந்த விமானம். நிஜத்தில் முப்பத்திரண்டில் ஒரு பங்காகச் சுருங்கி, இறக்கை முனைக்கு முனை ஒரு கஜ நீளத்தில் உட்கார்ந்திருக்கிறது. உடம்பு சன்போர்டு அட்டை. சக்கரம் தேய்ந்துபோன ஹவாய் செருப்பு. விசிறி பவுடர் டப்பாவின் பிளாஸ்டிக், ஜன்னல் தண்ணீர் பாட்டில். இரும்பு எதையும் வைக்க முடியாது. மரக்காணத்துக் காற்று ஒரே மாதத்தில் துரு ஏற்றிவிடும். டகோட்டாவுக்குப் பெயின்ட் பூசாத அலுமினிய மேனிதான் அழகு என்பது இவன் கட்சி. அந்த மேனிக்கு அவன் கண்டுபிடித்த சரக்கு, மாத்திரை அட்டையின் வெள்ளித்தாள்.

சரத்குமார் படித்தது விமானப் பொறியியல். உப்பளத்துப் பிள்ளை ஏரோப்ளேன் படிக்கிறான் என்று அப்போது ஊரே பேசியது. படிப்பு முடிந்தது. விமானங்கள் ஊருக்கு மேலே வெகு உயரத்தில் தம் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தன, ஒன்றும் இவனுக்காக இறங்கவில்லை. இப்போது கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் உப்பு பாக்கெட் போடும் ஷெட்டில், பாக்கெட்டின் வாயைச் சூடுகாட்டி ஒட்டுகிறான். அங்கே மேஸ்திரி கலியபெருமாள். “இன்னா பைலட்டு, வண்டிய எங்க நிறுத்திட்டு வந்த?” என்று கேட்காமல் அவருக்குப் பொழுது விடியாது. இவனும் சிரித்து வைப்பான். அழவா முடியும்?

இந்த விமானத்துக்கு முதன்முதலாக அட்டை வெட்டிக்கொண்டிருந்த நாளில், “இன்னாடா இது?” என்று கேட்டாள் அம்மா. அவ்வளவு படித்துவிட்டுப் பொம்மை செய்கிறேன் என்று பெற்றவளிடம் எந்த வாயால் சொல்வது? “சாம்பிள்மா” என்று சொல்லிவைத்தான்.

சொன்னது உப்பளத்து ஊரில். அங்கே சாம்பிள் என்றால் விளையாட்டு இல்லை. வியாபாரியின் ஆள் வருவான், அம்பாரத்திலிருந்து ஒரு பிடி உப்பை அள்ளிப் பையில் முடிந்துகொண்டு போவான். பிடித்துப்போனால் லாரி வரும். ஆயுசு பூராவும் கூடையில் உப்புச் சுமந்தவளுக்கு இது சூரியன் உதிப்பதைப்போல நிச்சயம். “எம்புள்ள சாம்பிள் செய்யுறான். அது ரெடியாயிட்டா கம்பெனிக்காரன் காரு அனுப்பி இட்டுனு போவான்” என்று வரப்பில் நின்று எல்லாப் பெண்களுக்கும் சொன்னாள். கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு. இவன் கெட்டிக்காரனும் இல்லை, ஆனாலும் அந்தப் புளுகு வருஷக்கணக்கில் நின்றது. முட்டுக்கொடுத்து நிறுத்தியவள் அவள்.

அவளுக்குச் சர்க்கரையும் இருந்தது, பிரஷரும் இருந்தது. மாதாமாதம் அரசாங்க மாத்திரை வீட்டுக்கே வந்துவிடும். இரண்டு பக்கமும் வெள்ளித்தாள் ஒட்டிய அட்டை. அதை அவள் மற்றவர்களைப் போலப் பிதுக்க மாட்டாள். ஓரத்தை மட்டும் மெல்ல நறுக்கி, மாத்திரையை நழுவவிட்டு, தாளைக் கிழியாமல் எடுத்து மகனிடம் நீட்டுவாள். மாத்திரை புடைத்திருந்த இடத்தை அவன் தேய்த்துத் தேய்த்துச் சமமாக்கி, ஊக்கு முனையால் ரிவெட் ஆணிபோலப் புள்ளி குத்தி, இறக்கையில் பதிப்பான். அந்த நேரத்தில் வீட்டில் ஒரு சந்தோஷம் இருந்தது. அதை இல்லையென்று சொன்னால் பாவம்.

இடது இறக்கை முடிந்தது. வலது இறக்கை பாதியில் நின்றபோது வானம் கறுத்துவிட்டது. இந்தக் கடலோரத்து ஈரத்தில் மழை பிடித்தால் பசை காயாது. “இன்னும் கொஞ்சம் அட்டை இருந்தா மழைக்கு முன்னாடி முடிச்சிருவேம்மா” என்றான், சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டே. மறுநாள் வெற்றிலைக் கட்டுப்போல ஒரு கற்றை வெள்ளித்தாளைக் கொண்டுவந்து வைத்தாள்.

“ஏதும்மா இவ்ளோ?”

“பக்கத்து வூட்டு பொன்னி குடுத்தாடா. நீ வேலையப் பாரு.”

அவன் வேலையைப் பார்த்தான். இன்னொரு கேள்வி கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. இறக்கை பளபளத்தது.

பெற்ற மனம் பித்து என்று சும்மாவா சொன்னார்கள். அவள் மாதத்து மாத்திரை முழுவதையும் உருவி ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் கொட்டி வைத்திருந்தாள். சர்க்கரைக்கு ஒரு வெள்ளை, பிரஷருக்கு ஒரு வெள்ளை. உப்புக்காற்றில் எல்லாம் கசிந்து, ஒன்றோடொன்று ஒட்டி, மாவாகிப்போயின. கைக்கு வந்ததைக் கிள்ளி வாயில் போட்டுக்கொண்டு உப்பு வாரப் போனாள். ஒருநாள் தலையில் கூடையோடு பாத்திக்குள்ளேயே சாய்ந்தாள்.

புதுச்சேரி பெரியாஸ்பத்திரியில் சாப்பிடுகிற மாத்திரையைக் கொண்டுவரச் சொன்னார்கள். சரத்குமார் டப்பாவைக் கொண்டுபோய் நீட்டினான். இளவயது டாக்டரம்மா திறந்து பார்த்து, “இது என்ன மாத்திரைன்னு எப்படிப்பா தெரியும்? அட்டை எங்க?” என்று கேட்டார். பதற்றத்தில் கேட்ட சாதாரணக் கேள்வி. அட்டை எங்கே இருக்கிறது என்று அந்த வார்டில் அவன் ஒருவனுக்குத்தான் தெரியும். வீடு திரும்பியதும், “நீ குடுத்த அட்டை…” என்று பொன்னியிடம் ஆரம்பித்தான். “என்கிட்ட ஏதுடா அட்டை? எனக்குச் சர்க்கரையே கிடையாதே” என்றாள் அவள். தெரிந்ததுதான். இன்னொருவர் வாயிலிருந்தும் கேட்டாயிற்று.

சின்னப்பாப்பாவுக்கு வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் போய்விட்டது. பகலில் பொன்னி பார்த்துக்கொள்கிறாள், மற்ற நேரமெல்லாம் மகன். விமானத்தைப் பரணில் தூக்கிப் போட்டான். அதைப் பார்க்கவே அருவருத்தது. ஆனால் அம்மா சோறு இறங்காமல் பரணைப் பார்த்துப் பார்த்து அழுதாள். இறக்கிவைத்த பிறகுதான் வாயைத் திறந்தாள். அன்றிலிருந்து அவன் சாயங்காலம் அவள் எதிரில் உட்கார்ந்து வேலை செய்தாக வேண்டும். சும்மா இருந்தால் அழுகிறாள். முடித்துவிட்டாலோ, கம்பெனிக் கார் வர வேண்டும். அதனால்தான் இந்த ஒரே துண்டு. முடியாமலும் நிற்காமலும் இருக்க அவனுக்குத் தெரிந்த ஒரே வழி இது. பிடிக்காத ஒன்றை இவ்வளவு கவனமாகச் செய்கிற ஆளை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

இன்றைக்கு அதுவும் முடியவில்லை. கத்தியைக் கீழே வைத்துவிட்டான்.

“யம்மா. கம்பெனின்னு ஒண்ணும் இல்லம்மா. எவனும் கேக்கல. பொழுது போவலன்னு செஞ்சேன். சாம்பிளும் இல்ல, ஒரு எழவும் இல்ல.”

அவள் கேட்டுக்கொண்டாள். பாதி வாய் மட்டும் லேசாகச் சிரித்தது. அவன் சின்ன வயதில் பரீட்சைக்குப் பயந்து வயிற்றுவலி என்று படுத்துக்கொண்டபோதும் இப்படித்தான் சிரிப்பாள். மனசு விட்டுப்போய்ப் பேசுகிறான் என்று நினைத்துக்கொண்டாள்போல.

மாத்திரைகளை இப்போதெல்லாம் அவன் வீட்டில் வைப்பதில்லை, எங்கே போனாலும் சட்டைப்பையில்தான். இரவு மாத்திரையைக் கொடுத்துவிட்டு, தண்ணீர் புகட்டுவதற்காகக் குனிந்தான். சின்னப்பாப்பாவின் இடது கை அவன் பைக்குள் போய் அட்டையை உருவியது. ஓரத்தைப் பல்லில் கடித்து, தாள் கிழிந்துவிடாமல் பக்குவமாக இழுத்தாள். ஒரு மாத்திரை மடியில் விழுந்தது. அடுத்ததன் ஓரத்தைக் கடித்தாள்.

சரத்குமார் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு, ஒன்றும் தரையில் விழாமல் இரண்டு கையையும் குவித்து அவள் மோவாய்க்குக் கீழே ஏந்திக்கொண்டான்.